பீடத்துத் துளைகள்

கலைப்பொருள் தானே பேசும், அதற்கு விளக்கம் வேண்டாம் என்ற நம்பிக்கை இன்று நம்மிடையே கேள்வியின்றி உலவுகிறது. ஆப்பிரிக்க முகமூடியோ, பசிபிக் தீவின் மரச்சிற்பமோ, சோழர் காலச் செப்புத் திருமேனியோ, எதுவானாலும் இருட்டறையில் நிறுத்தி ஒற்றை விளக்கைப் பாய்ச்சினால் போதும், பார்ப்பவர் மனம் தானாக உருகும் என்கிறார்கள். மானுடவியலாளர் குறுக்கே வந்து இது எந்தச் சடங்குக்கு, யார் வீட்டில், எந்த மாதத்தில் என்று சொல்லத் தொடங்கினால் அழகு அங்கேயே செத்துவிடுமாம். அருங்காட்சியகப் பொறுப்பாளர்களும் ஏலக்காரர்களும் ஓவியர்களும் இதைச் சொல்கிறார்கள். நல்ல மனதோடு அருங்காட்சியகம் போய் வருபவர்களும் சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. தவறோடு நிற்காமல் தீங்கும் செய்கிறது.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலிமையோடு சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் பசிபிக் தீவுகளிலிருந்தும் அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்தும் அள்ளிச் சென்ற பொருள்களுக்குக் கலைக்கூடங்களில் இடம் கிடைக்கவில்லை. பாடம் செய்த விலங்குகளும் பாறைத் துண்டுகளும் இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களுக்கும் இனவியல் கூடங்களுக்கும் அவை போயின. ஈட்டியோடு ஈட்டியையும் கூடையோடு கூடையையும் அடுக்கி, மனித வளர்ச்சியின் கீழ்ப்படிக்குச் சான்றாகக் காட்டினார்கள். செதுக்கியவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த அவமதிப்புக்கு எதிராக எழுந்த குரல்தான் ‘இவையும் கலை’ என்றது. 1990இல் ழாக் கெர்ஷாஷ் என்ற பிரெஞ்சுச் சேகரிப்பாளர், உலகின் தலைசிறந்த படைப்புகள் அனைத்தும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கின்றன என்று அறிக்கை விடுத்து, இவற்றுக்கு லூவரில் இடம் கேட்டார். பின்னாளில் ஜனாதிபதியான ழாக் சிராக் துணை நின்றார். 2000ஆம் ஆண்டில் லூவரில் நூறு சொச்சம் சிற்பங்களுக்குத் தனிக் கூடம் திறந்தது. 2006 ஜூனில், பாரிஸில், ழான் நூவெல் வடிவமைத்த கே பிரான்லி அருங்காட்சியகம் திறந்தது. இனவியல் பொருள்களாகக் கிடந்தவை கலைப்பொருள்களாகப் பதவி உயர்வு பெற்றன.

இந்தக் குரலில் நியாயம் இருந்தது. ஒரு பொருளின் முன்னால் நின்று கண்ணைத் திறந்து பார் என்று சொன்னதும் நல்லதே. மானுடவியல் குறிப்புகள் பல நேரம் வறண்டவை என்பதும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றிலிருந்து ‘தானே பேசும்’ என்ற முடிவு வராது. ஏன் வராது என்பதற்கு ஆறு காரணங்கள் சொல்கிறேன்.

1. எந்தப் பொருளும் தானே பேசுவதில்லை. அதை வைத்திருக்கும் அறை பேசுகிறது.

1988இல் நியூயார்க்கின் ஆப்பிரிக்கக் கலை மையத்தில் சூசன் வோகல் ஒரு கண்காட்சி நடத்தினார். அதில் நடு ஆப்பிரிக்காவின் சாண்டே மக்கள் வேட்டைக்குப் பயன்படுத்திய வலை ஒன்று இருந்தது. சுருட்டி இறுக்கிக் கட்டிய வெறும் வலை, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து கடனாக வந்தது. வோகல் அதை வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தாழ்ந்த மேடையில் கிடத்தி, மேலிருந்து ஒளி விழச் செய்தார். வந்தவர்கள் அதை நவீனச் சிற்பம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வலையில் ஒரு முடிச்சும் மாறவில்லை. சுவரும் மேடையும் வெளிச்சமும் சேர்ந்து, இது கலை, இங்கே குரலைத் தாழ்த்து, தள்ளி நின்று பார் என்று சொல்லிவிட்டன.

வெள்ளைச் சுவருக்குக் கருத்து எதுவும் இல்லை என்று நினைப்பதுதான் இந்தத் தரப்பின் முதல் பிழை. இருட்டறையும் ஒற்றை விளக்கும்கூட விளக்கவுரையே. அதை எழுதியது இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அமெரிக்கக் கலையுலகம். ஆக, விளக்கம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியாகவே இல்லை. பொருளைச் செய்தவர்களின் விளக்கமா, கட்டடத்தை நடத்துகிறவர்களின் விளக்கமா என்பதே கேள்வி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ‘நாங்கள் எதையும் சொல்லவில்லை, பொருளே பேசியது’ என்பது நேர்மையாகாது.

இதே வலையைப் பற்றி ஆல்ஃபிரட் ஜெல் என்ற மானுடவியலாளர் 1996இல் எழுதினார். பஸ்தரின் முரியா கோண்டு மக்களிடையே களப்பணி செய்தவர் அவர். பொறி என்பது வேடன் இல்லாத இடத்தில் வேடனாக நிற்பது. இரை எப்படி ஓடும், எதற்கு ஆசைப்படும், எங்கே ஏமாறும் என்ற அறிவு முழுவதும் அதன் உருவத்தில் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வலையைப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. அந்த வியப்பு வெள்ளைச் சுவரிலிருந்து வரவில்லை, காட்டிலிருந்து வருகிறது.

2. வடிவத்தைப் பார் என்று சொல்பவர்கள் வடிவத்தையே முழுதாகப் பார்ப்பதில்லை.

நைஜீரியாவின் பெனின் அரசர்களுடைய உலோகத் தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரைச் சூறையாடி, அரசர் ஓவொன்ராம்வெனை நாடு கடத்தியது. ஆயிரக்கணக்கான பொருள்கள் லண்டனுக்குக் கப்பலேறின. அவற்றுள் இருந்த தலைகளை உலகம் இன்று உருவச்சிற்பத்தின் உச்சமாகப் பாராட்டுகிறது. ஆனால் பல தலைகளின் உச்சியில் வட்டமான துளை ஒன்று இருக்கிறது. அங்கே செதுக்கு வேலை நிறைந்த யானைத் தந்தம் ஒன்று நின்றது. தலை தனியாகப் பார்க்கச் செய்யப்பட்டதே இல்லை. மறைந்த அரசருக்கான பலிபீடத்தின் மேல், தந்தத்தைத் தாங்கி, மற்றப் பொருள்களோடு சேர்ந்து நின்றது. துளையை விளக்காமல் தலையின் அழகை மட்டும் பேசினால், தூணை விட்டுவிட்டுப் போதிகையைப் புகழ்வதற்கு ஒப்பாகும்.

காங்கோ மக்களின் இன்கிசி உருவங்களில் இந்த வாதம் இன்னும் தெளிவாக உடைகிறது. உடலெங்கும் இரும்பு ஆணிகளும் தகடுகளும் அறையப்பட்ட மரச்சிற்பங்கள் அவை. கலைக்கூடத்தில் பார்ப்பவர் சிற்பியின் ஆவேசமான கற்பனை என்று நினைப்பார். சிற்பி செதுக்கியது மரத்தை மட்டும். ஒவ்வோர் ஆணியும் ஒரு சத்தியத்துக்காக, ஒரு வழக்குக்காக, ஒரு முறையீட்டுக்காகப் பல ஆண்டுகளில் பலர் முன்னிலையில் அறையப்பட்டது. வயிற்றுப் பெட்டியில் பூசாரி வைத்த மருந்துப் பொருள்கள்தான் அதற்கு உயிர். அந்த உருவத்தை ஓர் ஊரின் வழக்குப் பதிவேடு என்று சொல்லலாம். அதைப் படிக்கத் தெரியாமல் ‘வடிவம்’ என்று எதைப் பாராட்டுகிறோம்?

நம் வீட்டுக்கே வருகிறேன். 1913இல் பிரெஞ்சுச் சிற்பி ரோடான் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் பற்றி எழுதினார். அவர் மறைந்த பிறகு 1921இல் அது அச்சாயிற்று. நேரில் பார்த்து எழுதியதல்ல, புகைப்படங்களைப் பார்த்து எழுதியது. உதட்டின் வளைவையும் காலின் நளினத்தையும் அவர் கொண்டாடியதில் பெருமைப்படாத தமிழர் இல்லை. ஆனால் உற்சவத் திருமேனியைக் கோயிலில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. பாலும் சந்தனமும் வழிந்து, பட்டு உடுத்தி, மாலைக்குள் பாதி மறைந்து, தீவட்டி வெளிச்சத்தில் தோளில் ஏறி அசைந்து வரும்போதுதான் அது முழுமை பெறுகிறது. அதன் பீடத்தைக் குனிந்து பாருங்கள். துளைகள் இருக்கும், வளையங்கள் இருக்கும். கழி செருகித் தூக்குவதற்கும் இறுகக் கட்டுவதற்கும் வைத்தவை. வார்த்தவர் வீதியை நினைத்து வார்த்திருக்கிறார். நகர்வதற்கென்றே பிறந்த உருவத்தை அசையாமல் நிறுத்தி, ஆடையின்றி ஒளியூட்டி, இதுதான் அதன் உண்மையான வடிவம் என்று சொல்லும் பார்வை, வடிவத்தில் பாதியை இழந்த பார்வை.

3. அவர்கள் அழைக்கும் சாட்சியே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறார்.

பிக்காசோவை இந்தத் தரப்பு அடிக்கடி மேற்கோள் காட்டும். 1907இல் அவர் பாரிஸின் டிரொக்கடேரோ இனவியல் அருங்காட்சியகத்துக்குப் போனார், ஆப்பிரிக்க முகமூடிகளின் வடிவத்தைக் கண்டார், நவீன ஓவியம் பிறந்தது என்பது பாடப்புத்தகக் கதை. மானுடவியலாளர்கள் காணாததை ஒரு கலைஞனின் கண் கண்டுகொண்டது என்று கதைக்கு நீதியும் சொல்வார்கள்.

பிக்காசோ பிற்காலத்தில் எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோவிடம் அந்த நாளை நினைவுகூர்ந்தார். அவர் சொன்னதன் சாரம் இந்தக் கதைக்கு நேர் எதிரானது. நாற்றமடித்த அந்தக் கூடத்திலிருந்து ஓடிவிட நினைத்தவரை நிறுத்தி வைத்தது வடிவ நேர்த்தி அல்ல. அந்த முகமூடிகள் மற்றச் சிற்பங்களைப் போன்றவை அல்ல, அவை மந்திரப் பொருள்கள், தெரியாத சக்திகளுக்கும் மனிதனுக்கும் நடுவே நின்று காக்கும் கருவிகள் என்று தனக்குப் புரிந்ததாகச் சொன்னார். அன்றிலிருந்து ஓவியம் எதற்காக என்பதே தனக்குத் தெளிந்ததாகவும் சொன்னார். அவர் காங்கோ மக்களைப் பற்றியோ ஐவரி கோஸ்ட்டைப் பற்றியோ எதுவும் படித்திருக்கவில்லை. அவருடைய ஊகத்தில் ஐரோப்பியக் கற்பனையும் கலந்திருக்கிறது. ஆனாலும் அவர் அங்கே கேட்டது ‘இது எவ்வளவு அழகு’ என்பதை அல்ல. ‘இது என்ன வேலை செய்கிறது’ என்று கேட்டார். அது மானுடவியலின் கேள்வி. நவீன ஓவியம் அந்தக் கேள்வியால் அசைந்தது என்றால், கேள்வியையே விலக்கச் சொல்பவர்கள் பிக்காசோவைத் துணைக்கு அழைக்க முடியாது.

4. சமத்துவம் என்ற பெயரில் கொடுத்தது சமத்துவமே இல்லை.

1984இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ‘இருபதாம் நூற்றாண்டுக் கலையில் தொல்குடியியம்’ என்ற மாபெரும் கண்காட்சியை நடத்தியது. வில்லியம் ரூபினும் கிர்க் வார்னடோவும் பொறுப்பாளர்கள். ஏறத்தாழ 150 நவீனப் படைப்புகளோடு 200 பழங்குடிப் பொருள்கள். ஒரு பக்கம் பிக்காசோ, கிளே, ஜியாகொமெட்டி. மறுபக்கம் அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் முகமூடியும் பதுமையும். இரண்டுக்கும் இடையில் உறவு இருக்கிறதாம். யாருடைய கண்ணுக்கு அந்த உறவு தெரிந்தது? கிளே யார், எந்த ஆண்டு வரைந்தார் என்பதெல்லாம் அங்கே இருந்தது. பக்கத்திலிருந்த பொருளுக்குப் பெரும்பாலும் ஓர் இனத்தின் பெயர் மட்டுமே மிஞ்சியது. ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு, மற்றவருக்கு வெறும் உருவ ஒற்றுமை. தாமஸ் மெக்கெவிலி, ஜேம்ஸ் கிளிஃபர்ட் போன்ற விமர்சகர்கள் அப்போதே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

சமமானவருக்கு வர மறுக்கும் உரிமை உண்டு. அதே கண்காட்சியில் கிளேயின் முகமூடி ஓவியம் ஒன்றுக்கு அருகே வைப்பதற்காக, பெர்லின் அருங்காட்சியகத்திலிருந்த சூனி மக்களின் போர்த்தெய்வ உருவம் ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. நியூ மெக்சிகோவில் வாழும் சூனி மக்கள் அந்தத் தெய்வங்களைப் பொதுவில் காட்டுவதைப் பெரும் தெய்வக் குற்றமாகக் கருதுகிறார்கள் என்று தெரியவந்ததும் அது கண்காட்சிக்கு வரவில்லை. வராததே சரி. ஆனால் அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்த மரத்துண்டு தானே பேசி ‘என்னைக் காட்டாதே’ என்று சொல்லிவிடவில்லை. அந்த மக்களை அறிந்தவர்கள் சொன்னார்கள். பொருள் மட்டுமே பேசட்டும் என்று விட்டிருந்தால் அதுவும் விளக்கின் கீழ் நின்றிருக்கும்.

‘உங்கள் தெய்வத்தை நாங்கள் கலை என்று ஏற்றுக்கொள்கிறோம்’ என்று சொல்வதில் ஓர் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. பட்டம் கொடுப்பவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் இன்னொருவர். வாங்க மறுப்பவரின் குரலைக் கேட்கவே வழியில்லாத ஏற்பாட்டைச் சமத்துவம் என்று நான் ஏற்க மாட்டேன்.

5. எல்லாப் பொருளுக்கும் பாதுகாப்பு வாழ்வாகாது.

அதே சூனி தெய்வங்களின் கதை இங்கும் வேண்டும். ஆண்டுதோறும் குளிர்காலச் சங்கராந்தியின்போது மான் குலத்தாரும் கரடி குலத்தாரும் அவற்றைச் செதுக்குகிறார்கள். மேட்டுநிலங்களில் திறந்தவெளிச் சன்னதிகளில் நிறுத்துகிறார்கள். மழையிலும் வெயிலிலும் நைந்து மண்ணோடு மண்ணாவதுதான் அவற்றின் வேலை. மட்கும்போதே அவை உலகைக் காக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, பூச்சி அரிக்காமல், பல பத்தாண்டுகள் அவற்றைப் ‘பாதுகாத்தன’. 1978 முதல் சூனி மக்கள் அவற்றைத் திருப்பிக் கேட்டார்கள். டென்வர் கலை அருங்காட்சியகம் 1980இல் கொடுத்தது, மற்றவை ஒவ்வொன்றாகக் கொடுத்தன. திரும்பி வந்த தெய்வங்களை அவர்கள் காவலுள்ள திறந்தவெளியில் வைத்தார்கள். மட்குவதற்காக.

பப்புவா நியூ கினியின் நியூ அயர்லாந்து தீவில் இறந்தவர் நினைவாக மாலங்கன் என்ற சிற்பங்களைச் செதுக்குவார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேலை நடக்கும். சடங்கில் சிறிது நேரம் காட்டிவிட்டு அழியவோ எரியவோ விட்டுவிடுவார்கள். மிஞ்சுவது நினைவு மட்டுமே. அந்த உருவத்தை நினைவில் ஏற்றிக்கொண்டு மறுபடி செதுக்கும் உரிமைதான் கைமாறும் சொத்து. ஐரோப்பியர்கள் வந்த பிறகு எரிப்பதற்குப் பதில் விற்பதும் ஒரு வழியாயிற்று. அதனால்தான் உலக அருங்காட்சியகங்களில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எரிந்திருக்க வேண்டிய ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்து நிரந்தரமான அழகு என்று பெயரிடும்போது, அந்த மக்களின் சிந்தனையில் மையமான ஒன்றை நாம் அழித்துவிடுகிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நாம் நியூ அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை. புரவியெடுப்புக்காக வேளார்கள் களிமண்ணில் வனைந்து சுட்ட குதிரைகளை, கண் திறந்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் அய்யனார் முன் நிறுத்துகிறோம். பிறகு யாரும் அவற்றுக்குக் கூரை போடுவதில்லை. காது உடைகிறது, கால் சாய்கிறது, பழைய துண்டுகளுக்கு நடுவே புதிய குதிரை வந்து நிற்கிறது. உடைந்தவற்றைப் பார்த்து ஊர் வருந்துவதில்லை. அடுத்த புரவியெடுப்பு நடக்காமல் போனால்தான் வருந்தும். இந்தக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் குதிரையை அல்ல, வேளாரின் சூளையையும் ஊரின் நேர்த்திக்கடனையும் காப்பாற்ற வேண்டும். ‘தானே பேசும்’ கட்சிக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

6. ‘தூய வடிவம்’ என்ற கொள்கை களவுக்கு நிழல் தருகிறது.

பொருளின் பிறப்பிடமும் பயனும் முக்கியமில்லை, அழகு மட்டுமே முக்கியம் என்றால், அது எப்படிக் கைக்கு வந்தது என்பதும் முக்கியமில்லாமல் போகும். சந்தை விரும்புவது இதைத்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் திருப்பித் தந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தில் அந்தச் சிலையின் அழகைப் பார்க்கக் கண்கள் இருந்தன. அது எந்த ஊரின் வீதியில் உலா வந்தது என்ற கேள்வியை வாங்கும் முன் கடைசிவரை துரத்திக்கொண்டு போக யாரும் இல்லை.

இதற்கு எதிரான பாடம் பத்தூர் நடராசர் வழக்கில் இருக்கிறது. 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்த அந்தத் திருமேனி கைமாறி லண்டன் போயிற்று. 1982இல் ஒரு கனடா நிறுவனம் அதை வாங்கி, செப்பனிட பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியபோது காவல்துறை கைப்பற்றியது. வாங்கியவர் கண்ணில் அது விலை கொடுத்த சிற்பம். தமிழ்நாட்டின் தரப்பில் அது ஒரு கோயிலின் தெய்வம். அந்தக் கோயிலே வழக்காடி உரிமை கேட்கலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சி சொன்னார். 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது, 1991இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது, நடராசர் ஊர் திரும்பினார். வடிவத்தின் அழகை எத்தனை மணிநேரம் பேசியிருந்தாலும் அந்த வழக்கு வென்றிருக்காது. இந்தச் சிலை இந்த ஊரில் யாருக்கு என்னவாக இருந்தது என்ற கேள்வி வென்றது.

இப்போது என் தரப்பின் மேல் விழும் அடிகளை வாங்கிக்கொள்கிறேன்.

மானுடவியலின் கை சுத்தமா? இல்லை. 1931 முதல் 1933 வரை டக்காரிலிருந்து ஜிபூத்தி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்த பிரெஞ்சு மானுடவியல் பயணத்தை மார்செல் க்ரியோல் வழிநடத்தினார். இன்றைய மாலியில் ஊர்களின் புனிதமான கோனோ வழிபாட்டுப் பொருள்களை மிரட்டியும் திருடியும் எடுத்தார்கள். சென்னையிலும் எட்கர் தர்ஸ்டன் அருங்காட்சியகத் தலைவராக இருந்துகொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளில் நம் சாதிகளையும் பழங்குடிகளையும் அட்டவணையாக்கினார். இவற்றை நான் மறைக்கவோ மன்னிக்கவோ போவதில்லை. ஆனால் கோனோ களவு நமக்கு எப்படித் தெரியும்? அந்தப் பயணத்தின் செயலாளர் மிஷேல் லெரிஸ் அதைத் தன் நாட்குறிப்பில் எழுதி, 1934இல் வெளியிட்டார். கேள்வி கேட்கும் துறை தன்னையே குற்றவாளியாக நிறுத்தும் பதிவையும் விட்டுச்செல்கிறது. அழகை மட்டும் பேசும் பட்டியல்களில் அப்படிப்பட்ட வாக்குமூலத்தைக் காண்பது அரிது.

மானுடவியல் கலையைச் சமூகத் தகவலாகச் சுருக்கிவிடுகிறது என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சோம்பேறியான மானுடவியல் அப்படிச் செய்கிறது. ‘இது கருவளச் சடங்குக்கு’ என்று ஒற்றை வரியில் முடிக்கும் குறிப்பைப் பார்த்து நானும் எரிச்சலடைந்திருக்கிறேன். ஆனால் நல்ல களப்பணி அழகை அழிக்கவில்லை. இதுவரை நம் காதில் விழாத ரசிகர்களைக் கண்டுபிடித்திருக்கிறது. ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன் யொரூபா ஊர்களுக்குப் போய், அங்குள்ளவர்கள் ஒரு சிற்பத்தை எதை வைத்து நல்லது, எதை வைத்து மோசம் என்கிறார்கள் என்று கேட்டார். வழவழப்பு, மினுக்கம், நிமிர்வு, இளமை, மிகையற்ற ஒற்றுமை என்று நுட்பமான அளவுகோல்களை அவர்கள் அடுக்கினார்கள். வேட்டை வலையைக் காட்டிய அதே சூசன் வோகல், ஐவரி கோஸ்ட்டின் பவுலே மக்களிடம் பல்லாண்டு பழகியபின், அவர்களுடைய மிகச் சக்திவாய்ந்த சிற்பங்கள் உற்றுப் பார்ப்பதற்கானவை அல்ல, மறைத்து வைப்பதற்கானவை என்று எழுதினார். பார்ப்பதே ஆபத்து என்று கருதும் ஒரு கலைமரபு இருக்கிறது. கலை என்றால் கண்ணுக்கு விருந்து என்று முடிவு கட்டிவிட்டவருக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

பெயரில்லாத சிற்பிகளுக்குப் பெயர் கிடைத்ததும் இப்படியே. நைஜீரியாவின் இசே ஊரைச் சேர்ந்த ஓலோவே செதுக்கிய அரண்மனைக் கதவுகள் 1924இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சியில் நின்றன. பார்த்தவர்கள் மயங்கினார்கள். கதவு அவ்வளவு பேசியும் செதுக்கியவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்டில் விசாரித்தவர்கள் வழியாகவே அவர் பெயர் பின்னர் உலகுக்குத் தெரிந்தது.

நான் கேட்பது கலைக்கூடங்களை மூடச் சொல்வதல்ல. பொருளைப் பழைய இனவியல் அலமாரிக்குத் திருப்பி அனுப்பச் சொல்வதும் அல்ல. யார் செய்தார், யாருக்காக, அது என்ன செய்தது, எப்படி இங்கே வந்தது, அதன் மக்கள் இன்று என்ன சொல்கிறார்கள் என்ற ஐந்து கேள்விகள் பொருளோடு சேர்ந்தே நிற்க வேண்டும். விடை தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுத வேண்டும். கொழும்பில் பிறந்து பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய, தமிழ்க் குடியில் வந்த ஆனந்த குமாரசாமி, கலைப்பொருளை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கேள்வியையே 1943இல் ஒரு நூலுக்குத் தலைப்பாக்கினார். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று புரியவைக்கத்தான் என்பது அவர் விடை. எண்பது ஆண்டுகள் கடந்தும் நம் அருங்காட்சியகங்கள் அந்த விடையைக் காதில் வாங்கவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளுக்குத் தனிக் கட்டடம் இருக்கிறது. பழங்குடி மக்களின் பொருள்கள் மானுடவியல் பிரிவில் இருக்கின்றன. ஒரே வளாகத்துக்குள் ஒன்று கலை, மற்றொன்று மானுடவியல் என்று சுவர் எழுப்பிவிட்டோம். கலை என்ற பக்கத்தில் யாரும் ‘இது என்ன வேலை செய்தது’ என்று கேட்பதில்லை. மானுடவியல் என்ற பக்கத்தில் யாரும் ‘இது எவ்வளவு அழகு’ என்று நிற்பதில்லை. இரண்டு கேள்விகளையும் இரண்டு பக்கங்களிலும் கேட்கும் நாளில்தான் அங்குள்ள பொருள்களுக்கு நாம் நியாயம் செய்தவர்களாவோம்.

அடுத்த முறை எழும்பூர் போகும்போது திருவாலங்காட்டு நடராசரின் முகத்தையும் தூக்கிய திருவடியையும் மனம் நிறையப் பாருங்கள். பிறகு உற்சவத் திருமேனிகள் ஒவ்வொன்றின் முன்னும் குனிந்து, பீடத்துத் துளைகளைத் தேடுங்கள். உங்கள் பிள்ளைகள் கூட இருந்தால், அவை எதற்கு என்று சொல்லுங்கள்.